துப்பறியும் மாத நாவல்

துப்பறியும் மாத நாவல் என்பது ஒரு முழு மர்மக் கதையை மாதந்தோறும் ஓர் இதழாக, மலிவு விலையில் வெளியிடும் தமிழ்ப் பதிப்பு வடிவம். பெரும்பாலும் நூறு பக்கங்களை ஒட்டியது. சாணித்தாளில் அச்சிடப்பட்டு, வண்ண அட்டையுடன் வருவது. 1980களிலும் 1990களிலும் உச்சத்தில் இருந்தது.

முன்னோடிகள்

ச. ம. நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ (1894) தமிழின் முதல் துப்பறியும் நாவலாகக் கருதப்படுகிறது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் படைத்தனர். பின்னர் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த் ஆகியோர் வார இதழ்கள் வழியாகப் புகழ்பெற்றனர்.

மாத நாவல் காலம்

ராணி முத்து, மாலைமதி போன்ற இதழ்கள் மாதம் ஒரு நாவல் என்னும் பழக்கத்தைப் பரவலாக்கின. ஜி. அசோகன் வெளியிட்ட பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் ஆகியவை மர்மக் கதைகளுக்குத் தனி வாசகர்களை உருவாக்கின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா (சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் இரட்டையர்) ஆகியோர் இவ்வடிவத்தின் முதன்மை எழுத்தாளர்கள்.

விற்பனை

நியூயார்க்கில் 1972-ல் ‘மர்டர் இங்க்’, 1979-ல் ‘மிஸ்டீரியஸ் புக்‌ஷாப்’ என மர்ம நூல்களுக்கான தனிக் கடைகள் தோன்றின. தமிழ்நாட்டில் அப்பணியைச் செய்தவை பேருந்து நிலையக் கடைகள், பெட்டிக்கடைகள், வாடகை நூலகங்கள். செய்தித்தாள் முகவர்கள் வழியே நாவல்கள் வந்தன. கடைக்காரர் அவற்றைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். தருமபுரி மாவட்டத்தின் ஏரியூர் போல, புத்தகக் கடை நடத்துமளவு வியாபாரம் இல்லாத சிற்றூர்களின் வாசகருக்கும் இந்த ஏற்பாட்டால் நாவல் எட்டியது. பேருந்துப் பயணத்தில் ஒருவர் படித்து முடித்தது வீட்டில் பலர் கைக்கு மாறியது.

ஊரும் எழுத்தாளரும்

தமிழ் மர்ம எழுத்து தலைநகரை மட்டும் நம்பி வளரவில்லை. ஆரணி, வடுவூர், பட்டுக்கோட்டை ஆகிய ஊர்கள் எழுத்தாளர் பெயரிலேயே இடம்பெற்றன. ராஜேஷ்குமார் கோயம்புத்தூரில் இருந்தபடியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் கோயில், சித்தர், கிராமத் தெய்வ நம்பிக்கைகளை மர்மக் கதையுடன் இணைத்தார். கதை நிகழும் ஊரும் கடைத்தெருவும் தெரிந்தவையாக இருந்தது வாசகரை ஈர்த்த காரணங்களுள் ஒன்று.

சரிவும் பாதுகாப்பும்

தொலைக்காட்சித் தொடர்களும் பின்னர் கைபேசியும் மாத நாவலின் இடத்தை எடுத்துக்கொண்டன. இவை படித்தபின் எடைக்குப் போடப்படும் இதழ்களாகக் கருதப்பட்டன. இலக்கிய விமர்சனம் பொதுவாக இவற்றைப் பொருட்படுத்தவில்லை. தாளும் விரைவில் மட்கக்கூடியது. அதனால் ஒரு நாவலின் முதல் பதிப்பு எழுத்தாளரிடமே இல்லாமல் போவதும் உண்டு.

சேகரிப்பு எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சான்று. அவர் தனிமனிதராகத் திரட்டிய நூல்களும் இதழ்களுமே சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். அத்தொகுப்பில் வெகுசன அச்சுப் பொருள்களும் அடங்கும். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. அதன்பின் இவ்வெழுத்துக்கு வெளிமாநில வாசகரும் கிடைத்தனர்.

மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் பலவற்றில் உள்ளூர் எழுத்தாளர் நூல்களுக்குத் தனி இடம் தரப்படுகிறது. அங்கு கவிதை, கட்டுரை நூல்களோடு பழைய மாத நாவல்களும் இடம்பெற்றால், ஓர் ஊர் எதைப் படித்தது என்பதன் வரலாறும் எஞ்சும்.