செல்ஃப் மோட்டார் இல்லாத லாரி தெரியுமா?

சென்னை பாடியின் லூகாஸ் ஸ்டாப்பைத் தெரியாத அம்பத்தூர்க்காரர் உண்டா? அந்த ஸ்டாப்புக்குப் பேர் கொடுத்த லூகாஸ் டி.வி.எஸ். 1961-ல் பிறந்தது. செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் நாடெங்கும் பேர் வாங்கிய கம்பெனி. சரி, மின்சார லாரியில் செல்ஃப் மோட்டார் எங்கே இருக்கும் தெரியுமா? எங்கேயும் இருக்காது! ஸ்டார்ட் செய்ய இன்ஜினே இல்லையே. டைனமோவும் கிடையாது. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் வேண்டிய 24 வோல்ட்டை, பெரிய பேட்டரியிலிருந்தே ஒரு மின்னணுப் பெட்டி இறக்கிக் கொடுத்துவிடும்.

டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டாரை மாட்டினால் மின்லாரி தயார் என்று நினைத்தீர்களா? இனிமேல்தான் வேடிக்கையே!

கனரக லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. அந்தக் காற்றை அழுத்தி ஏர் டேங்கில் நிரப்பும் கம்ப்ரஸரைச் சுற்றுவது யார்? இன்ஜின். சிக்னலில் வண்டி நின்றாலும் இன்ஜின் ஓடும், காற்று நிரம்பும். மின்லாரி நின்றால் அதன் மோட்டாரும் நின்றுவிடுமே, காற்றுக்கு எங்கே போவது? அதற்கென்றே தனி மின் கம்ப்ரஸர் வேண்டும். பவர் ஸ்டீயரிங்குக்கும் தனி மோட்டார் வேண்டும். காற்று சுத்தமாக இறங்கிவிட்டால் பிரேக் பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். நேர்மாறு! காற்றுதான் பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரங்களைப் பூட்டிவிடும். லாரி நகரவே நகராது.

இந்த ஏர் பிரேக்குக்கும் பாடிக்கும் என்ன உறவு தெரியுமா? 1962-ல் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்ட்ரேயுடன் சேர்ந்து இங்கே எழுந்ததுதான் சுந்தரம் கிளேட்டன். 1998-ல் அதன் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. அதுவரை எந்த இந்தியக் கம்பெனிக்கும் கிடைக்காத பெருமை! உலகமே மெச்சிய அந்தக் கைவேலைதான் மின்லாரிக்கும் உயிர்நாடி என்பது என் உறுதியான எண்ணம்.

மலை இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கும், பேட்டரியையும் ஏற்றும். ஆனால் மலை உச்சியிலேயே முழு சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால்? வரும் மின்சாரத்தை வைக்க பேட்டரியில் இடம் இருக்காது! மோட்டார் பிரேக் கைவிட்டுவிடும். அந்தச் சக்தியை வெப்பமாக்கித் தள்ள வேறு ஏற்பாடு வேண்டும், இல்லையேல் பாரமெல்லாம் காற்று பிரேக்கின் தலையில். மோட்டாரே ஜெனரேட்டராகும் இந்தத் தத்துவத்தை சுவிட்சர்லாந்தில் எப்படிப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? சிமெண்ட் ஆலைக்கு மலையிலிருந்து 65 டன் கல்லைச் சுமந்து இறங்கும் ஒரு மின் டம்பர், காலியாக மேலே ஏறத் தேவையான மின்சாரத்தை இறங்கும்போதே சம்பாதித்துவிடுகிறது!

சமவெளியில் அந்த யோகம் கிடையாது. கணக்கைப் பாருங்கள். 300 லிட்டர் டீசலின் எடை 250 கிலோ. இன்ஜின் வீணாக்குவது போக, சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய 1,200 யூனிட். அதே 1,200 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் எடை எவ்வளவு? சுமார் 8 டன்! நம் சாலையில் டிரெய்லருக்கு அனுமதித்த மொத்த எடையே 55 டன்தான். பேட்டரி கூடக் கூட லோடு குறையும், வாடகையும் குறையும். ஐரோப்பாவில் புகையில்லா லாரிக்கு 2 டன் வரை சலுகை கொடுத்திருக்கிறார்கள். நம்மிடமும் அது வேண்டும்.

அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குழுமம் இன்று 55 டன் மின்லாரி விற்கிறது, தெரியுமா? மோன்ட்ரா ரைனோ! 282 யூனிட் பேட்டரி; ஒரு சார்ஜில் 198 கி.மீ. என்கிறது கம்பெனி. துறைமுகத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்வரத் தாராளம். பெங்களூர் 350 கி.மீ., வழியில் நின்றே ஆகவேண்டும். அந்த பேட்டரியை ஒரு மணி நேரத்தில் நிரப்ப, ஒன்றரை டன் ஏசி சுமார் 180 ஒரே நேரத்தில் ஓடும் அளவுக்கு மின்சாரம் வேண்டும். பத்து லாரி வந்தால்? சார்ஜருக்கு முன்னால் அங்கே ஒரு துணைமின் நிலையம் வந்தாக வேண்டும்! அதனால்தான் பேட்டரியையே கழற்றி மாற்றும் முறை. சீனாவில் ஆயிரக்கணக்கான லாரிகள் இப்படி ஓடுகின்றன. ரைனோவிலும் ஆறே நிமிடத்தில் மாற்றலாம் என்கிறார்கள்.

பெரிய பெரிய ஆட்களே இதில் திணறினார்கள். 2017-ல் டெஸ்லா காட்டிய செமி லாரி 2019-ல் வரும் என்றார்கள்; முதல் வண்டி கைமாறியது 2022 டிசம்பரில். அமெரிக்காவின் நிகோலா 2025-ல் திவால்!

விலை? டீசல் வண்டியைப் போல இரண்டு, மூன்று மடங்கு. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டத்தில் மின்லாரிகளுக்கு 500 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம், அதற்கும் ஒரு பழைய லாரியை உடைக்கக் கொடுத்த சான்றிதழ் வேண்டும் என்கிறது 2025 ஜூலை விதி. கடன் கொடுப்பவருக்கோ வேறு கவலை: தவணை கட்டாவிட்டால் பறிமுதல் செய்த வண்டி என்ன விலைக்குப் போகும்? டீசல் லாரிக்கு நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பார்த்தவுடன் விலை சொல்வார்கள். ஐந்து வருஷம் ஓடிய மின்லாரி இன்னும் சந்தைக்கே அபூர்வம். இதற்கு ஓரளவு ஆறுதலாக அதே விதி, பேட்டரிக்கு ஐந்து வருஷம் அல்லது ஐந்து லட்சம் கி.மீ. உத்தரவாதம் தராத கம்பெனிக்கு மானியமே இல்லை என்கிறது.