பின்தங்கியவர் முந்துவது எப்படி? லாஸ் வேகாஸ் சீட்டுப் போட்டியில் ஒரு கணக்கு

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் உள்ள லாஸ் வேகாஸ் நகரம் சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போனது. அங்கே ‘பிளாக்ஜாக்’ என்ற சீட்டாட்டத்துக்குப் போட்டிகள் நடத்துகிறார்கள். 2004-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் இவை அந்நாட்டு டெலிவிஷனிலும் காட்டப்பட்டன.

ஆட்டம் எளிது. கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் விடுதியின் சார்பில் சீட்டுப் போடும் டீலரை மிஞ்ச வேண்டும். சாதாரண மேஜையில் டீலர் மட்டுமே எதிரி. போட்டியிலோ எல்லோருக்கும் சமமாகச் சில்லுகள் கொடுத்து விடுவார்கள். இத்தனை ஆட்டம் என்று கணக்கு உண்டு. முடிவில் யாரிடம் அதிகச் சில்லு இருக்கிறதோ அவருக்கே வெற்றி. ஆக, பக்கத்து நாற்காலிக்காரர்தான் உண்மையான எதிரி!

பின்தங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, முன்னே இருப்பவர் வைக்கும் அதே பணயத்தைத் தாமும் வைப்பது. டீலர் ஒருவரே அல்லவா? அவர் 21-ஐத் தாண்டினால் நின்றவர் எல்லோருக்கும் ஜெயம். அவருக்கு 20 வந்தால் பெரும்பாலும் எல்லோருக்கும் தோல்வி. இடைவெளி அப்படியே நிற்கும். ஒரே லைனில் முன்னே போகும் வண்டியைப் பின்னே வரும் வண்டி முந்த முடியுமா? லைன் மாறினால்தான் உண்டு.

சிறுகச் சிறுகப் பிடித்துவிடலாம் என்பதும் பலிக்காது. ஆட்டத்துக்கு ஆட்டம் விடுதிக்கே சற்று சாதகம். பாதகமான ஆட்டத்தில் துணிந்து பெரிதாக வைப்பதே மேல் என்று டூபின்ஸ், சாவேஜ் என்ற இரு கணித அறிஞர்கள் 1965-இல் ஒரு நூலில் விளக்கினார்கள். பணயத்துக்கு 500 வரம்பு என்றால், 1,500 பின்தங்கியவர் கடைசி ஆட்டம் வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்தத் துணிச்சல் போட்டிக்கு மட்டுமே பொருந்தும். அங்கே போவது நுழைவுக் கட்டணம் மட்டும்தான். கோவா கப்பல் காசினோவில் சொந்தப் பணத்தை வைத்து, ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று தோற்கத் தோற்க இரட்டிப்பாக்குகிறவர் கதை வேறு. 100 ரூபாயில் தொடங்கி வரிசையாக 7 முறை தோற்றால் போனது 12,700 ரூபாய். எட்டாவது முறைக்கு 12,800 ரூபாய் வேண்டும். அத்தனையும் அந்த முதல் 100 ரூபாய் லாபத்துக்காக!

கடைசி ஆட்டம்

முன்னணிக்காரரிடம் 1,000 சில்லு, பின்தங்கியவரிடம் 800 என்று வைத்துக்கொள்வோம். முன்னணிக்காரர் முதலில் 300 வைக்கிறார். இப்போது 90 வைத்தால் போதும். இருவரும் தோற்றால் அவருக்கு 700, இவருக்கு 710! அவர் தோற்கும் வாய்ப்போ ஏறக்குறைய பாதி.

அவர் உஷாராக 50 மட்டும் வைத்தால்? அப்போது 310 வைக்க வேண்டும். அவர் பணயத்தை இரட்டிப்பாக்கி ஜெயித்தாலும் 1,100. இவர் ஜெயித்தால் 1,110. எதிரி வைப்பதைப் பார்த்துவிட்டு வைப்பவருக்கே இந்த வசதி. அதனால்தான் முதலில் வைக்கும் முறை ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் மாறி வருகிறது.

சீட்டு வந்த பிறகும் ஒரு வழி உண்டு. பணயத்தை இரட்டிப்பாக்கி, ஒரே ஒரு சீட்டு வாங்கலாம். கையில் 18 இருக்கும்போது சாதாரண மேஜையில் இப்படிச் செய்தால் சிரிப்பார்கள். கடைசி ஆட்டத்தில், வேறு எப்படியும் எட்டாது என்று தெரிந்தவர் 18-லும் தயங்காமல் இரட்டிப்பாக்கி, அந்த ஒரு சீட்டைக் கேட்பார்.