அட்வைஸ் வேணாம்... காது கொடுங்க!

'இனிமே தொடமாட்டேன்டா!' - ஹாஸ்டலில் என் ரூம்மேட் இதைச் சொல்வது எத்தனையாவது தடவைன்னு அவனுக்கே மறந்துபோச்சு. மூணாவது செமஸ்டரில் பீரில் ஆரம்பிச்சவனுக்கு, ஆறாவது செமஸ்டரில் காலையிலேயே கை நடுக்கம்!

ஒரு கவுன்சலரிடம் கூட்டிப்போனேன். 'அப்பா, அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?' என்று அரை மணி நேரம் அட்வைஸ். 'இதை எங்க சித்தப்பா ஃப்ரீயாவே சொல்றாரேடா' என்றான். அன்னிக்கு ராத்திரியே மறுபடி பாட்டில்!

அப்புறம்தான், போதை மீட்புக்கான தேசிய இலவச ஹெல்ப்லைன் 14446-க்குப் போன் போட்டோம். விசாரிச்சதில் தெரிஞ்சுகிட்டது இதுதான்... கை நடுங்குற அளவுக்குக் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா, வலிப்புகூட வரலாம். அதனால் முதலில் மனநல டாக்டர், அப்புறம்தான் கவுன்சலிங். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கணும். 'போதைப் பழக்கத்துக்கு சிகிச்சை கொடுத்த அனுபவம் இருக்கா? இடையில மறுபடி குடிச்சுட்டா என்ன பண்ணுவீங்க?' - தாராளமாகக் கேளுங்க பாஸ்! வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயமா? 2017-ம் வருட மனநலச் சட்டப்படி, உயிருக்கு ஆபத்து மாதிரியான சில சூழ்நிலைகள் தவிர, உங்க விஷயம் ரகசியம்தான்.

டாக்டரைப் பார்த்த பிறகு போன ரெண்டாவது ஆள், 'கடைசியா குடிச்ச அன்னிக்கு என்னப்பா நடந்துச்சு?' என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரம் இவனே பேசினான்!

நடுவில் ஒருநாள் சறுக்கினான். ஆனா, மறைக்காமல் அவரிடமே போய்ச் சொன்னான். 'அரியர் விழுந்தா டிகிரியையாடா விடுறோம்? திரும்ப எழுதுறோம்ல!' என்று சிரிக்கிறான் இப்போ.