இரட்டைச் சடையும் ஒரு மெடலும்

ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை நான். கையெழுத்துப் போட்டியில் தோற்ற பிள்ளை, ஜெயித்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலோ என்னவோ, பேய், ரத்தம், முகமூடி என்று வருகிற படங்களெல்லாம் என்னை ஒன்றும் செய்வதில்லை. 1956-இல் வந்த ‘தி பேட் சீட்’ என்ற கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம் மட்டும் தூக்கத்தைக் கெடுத்தது.

கதைக்கு அச்சாணியே ஒரு கையெழுத்து மெடல்தான். எட்டு வயது ரோடா பென்மார்க் அது தனக்குத்தான் என்று இருக்கிறாள். கிளாட் டேகில் என்ற வகுப்புப் பையனுக்குப் போய்விடுகிறது. பள்ளிப் பிக்னிக்கில் அந்தப் பையன் தண்ணீரில் மூழ்கிச் சாகிறான். வீடு திரும்பிய ரோடா, எதுவுமே நடக்காத மாதிரி ஸ்கேட்டிங் போகக் கிளம்புகிறாள்.

இரட்டைச் சடை, மடிப்புக் கலையாத கவுன், பெரியவர்களைக் கண்டால் ஒரு சின்ன வணக்கம். மாடி வீட்டு மோனிகா அம்மாள் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறாள். எங்கள் பள்ளியிலும் இப்படித்தான். நோட்டுக்கு ஒழுங்காக அட்டை போட்டு வருகிற பிள்ளையை நாங்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை. ரோடாவைச் சரியாக எடை போடுகிறவன் கட்டடத்தைக் கூட்டுகிற லீராய் ஒருவன்தான். அவனும் நல்லவன் இல்லை, அவளைச் சீண்டிப் பார்க்கிற ஆசைதான். ரோடாவின் ஷூவில் லாடம் அடித்திருக்கும். செத்த பையனின் நெற்றியில் இருந்ததோ பிறை வடிவக் காயம். அந்த ஷூவைப் பற்றி வாயைவிட்ட லீராய் எரிந்து சாகிறான். அதைக்கூடப் படம் காட்டுவதில்லை. ஜன்னலோரம் நின்று பார்க்கிற பெண்களின் முகம், வெளியே அலறல், உள்ளே ரோடா வாசிக்கிற பியானோ. அவ்வளவுதான். இதற்கு மேல் எதற்கு?

என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் ரோடா அல்ல, செத்த பையனின் அம்மா. ஐலீன் ஹெக்கார்ட் நடித்த திருமதி டேகில், குடித்துவிட்டுத் தள்ளாடியபடி பென்மார்க் வீட்டுக்கு வருகிறாள். ரோடாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, சொல்லவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள், உடனே தன் குடியை நினைத்து வெட்கப்படுகிறாள், மறுபடி சீறுகிறாள். ஒரு பெற்றவளின் துக்கம் இப்படித்தான் நாகரிகம் பார்க்காமல் வரும். அவருக்கு இதற்காக கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்கருக்குப் படம் நான்கு பரிந்துரைகள் பெற்றது. ஹெக்கார்ட், ரோடாவின் அம்மாவாக நடித்த நான்சி கெல்லி, ரோடாவாக நடித்த சிறுமி பேட்டி மெக்கார்மாக் மூவரும் அதில் உண்டு. ஒன்றும் கைக்கு வரவில்லை.

இவர்கள் எல்லோரும் நாடக மேடையிலிருந்து அப்படியே வந்தவர்கள். வில்லியம் மார்ச் 1954-இல் எழுதிய நாவலை அதே ஆண்டு மாக்ஸ்வெல் ஆண்டர்சன் பிராட்வேயில் நாடகமாக்கினார். நாவல் வந்து சில வாரங்களிலேயே மார்ச் இறந்துவிட்டார், பாவம். இயக்குநர் மெர்வின் லீராய் மேடை நடிகர்களையே வைத்துப் படமெடுத்தார். அதனால் பேச்சு சற்றுத் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்போம். படம் ஒரு தலைமுறை தாண்டிப் போகிறது: ரோடாவின் அம்மா தத்துப்பிள்ளை, அவளைப் பெற்றவள் பேர்போன கொலைகாரி, அந்த ரத்தம் பேத்தியிடம் தலைகாட்டுகிறதாம். இதை நான் ஏற்கவில்லை. இத்தனை பிள்ளைகளைப் பார்த்த பிறகு, பாட்டியின் பாவத்தைப் பேத்தியின் தலையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு தாய் தன் மகளைக் கண்டு பயப்படுகிற அந்தப் பயம் பொய்யில்லை.

முடிவை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று படமே கேட்டுக்கொள்கிறது. இத்தனை ஆண்டு ஆகிவிட்டது, சொல்லலாம். நாடகத்தில் அம்மா மகளுக்குத் தூக்க மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள், மகள் பிழைத்துவிடுகிறாள். விவரம் தெரியாத அப்பா, இவளாவது மிஞ்சினாளே என்று அணைத்துக்கொள்கிறார். குற்றவாளி தப்பக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் படத்தில் அம்மா பிழைக்கிறாள். மழை இரவில் மெடலைத் தேடிப் போகிற ரோடாவை இடி விழுந்து கொல்கிறது. அதுவும் போதாமல், நடிகர்கள் வரிசையாக அறிமுகமாகி, கடைசியில் நான்சி கெல்லி சிறுமியை மடியில் போட்டு விளையாட்டாக அடிக்கிறார்! பயந்தவர்களைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்புகிற வேலை.

பார்க்க நினைப்பவர்கள், அம்மா மாத்திரை கொடுக்கிற காட்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் தணிக்கைக்காரர்களுக்காக எடுத்தது.