வயற்காட்டுக்கேற்ற செருப்பு

காளையார்கோவில் வட்டாரத்தில் கண்மாய்க்கரைகளிலும் தரிசுகளிலும் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். அதன் முள் மெல்லிய ரப்பர் செருப்பை ஊடுருவிக் காலில் ஏறிவிடும். ஒரு முள்ளினால் பல நாட்கூலி இழந்தோர் உண்டு. நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு, குத்தியதே தெரியாமல் புண் புரையோடக்கூடும். அன்றியும், மலம் கலந்த ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுக் குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். ஆகவே, மண்வெட்டியைப்போலச் செருப்பும் குடியானவனுக்கு ஒரு கருவியேயாகும்.

வாங்கும் முறை: அடிப்பாகம் கனமாயும், கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் அமுங்காததாயும் இருத்தல் வேண்டும். பழைய டயரில் வெட்டிய அடி நெடுநாள் உழைக்கும். ஆயின் அதனுள் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்க. வார்கள் பசையால் மட்டும் ஒட்டப்படாமல் தைக்கப்பட்டிருப்பது நலம். குதிகால் வார் உள்ள செருப்பு வரப்பில் நழுவாது. நாள் முழுதும் நடந்த கால் மாலையில் சற்றே வீங்கியிருக்குமாதலால், அவ்வேளையில் இரு கால்களிலும் அணிந்து நடந்து பார்த்தே வாங்குக.

பேணும் முறை: ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோல் நாளடைவில் காலின் வடிவத்திற்கு இசையும். ஆனால் நனைந்தபின் கடும் வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தினால் சுருங்கி வெடித்துவிடும். சேற்றை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, சிறிதளவு விளக்கெண்ணெய் தடவி வருக. நடவுச் சேற்றுக்குத் தோற்செருப்பு ஆகாது. ஒரு தையல் விட்டவுடனே தைத்துவிட்டால் வார் முழுவதும் பிரியாது.

விலைக் கணக்கு: உதாரணமாக, 200 ரூபாய்ச் செருப்பு நான்கு மாதம் உழைத்தால் மாதச் செலவு 50 ரூபாய். 720 ரூபாய்ச் செருப்பு பதினெட்டு மாதம் உழைத்தால் மாதச் செலவு 40 ரூபாயே. எனினும் 720 ரூபாயை ஒருசேரக் கொடுப்பது கூலியாளுக்கு எளிதன்று. இவ்விடத்தில் சங்கம் உதவலாம்: பலருடைய கால் அளவுகளைத் திரட்டி, உள்ளூர்த் தொழிலாளியிடம் ஒரே தடவையில் தைக்கக் கொடுத்து, தொகையைத் தவணையாகப் பெற்றுக்கொள்ளலாம். அதனால் அங்கத்தினருக்கு நல்ல செருப்பும், தொழிலாளிக்கு நிச்சயமான வேலையும் கிட்டும்.

செருப்பையும் மீறி முள் தைத்தால், சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று காட்டி, ரணஜன்னித் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டறிவது அவசியம்.