உங்களுக்குத் தெரியுமா? கோடைக் கடைசியில் ஆற்றுச் சிலேபி

பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் தூண்டில் கம்பும் கூடவே வரும். கத்திரி கழியும் நாளில் குளங்கள் வற்றிவிடும். தெற்கே சிற்றாறும் தாமிரபரணியும் ஒடுங்கி ஓடும். அப்போது தூண்டிலில் அதிகம் மாட்டுவது சிலேபி. அது எங்கே கிடக்கும், எப்படிக் கடிக்கும், பிடித்தபின் என்ன செய்யலாம்?

வந்த மீன்
சிலேபி நம் ஆற்றில் பிறந்த மீன் அல்ல. தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளின் மீன். 1952-ல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இன்று அதுவும் உண்டு. ஆனால் சொந்த மண்ணிலோ, நைல் சிலேபியோடு கலந்து அதன் தூய இனம் அருகிவருகிறது.

அமெரிக்காவின் சிலேபி
அமெரிக்கப் பிள்ளைகள் முதன்முதலில் பிடிக்கும் கையகல மீன் பெரும்பாலும் ப்ளூகில்தான். 1960-ல் சிகாகோ மேயர் அதை ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குப் பரிசாகக் கொடுத்தார். பிறகு அது ஜப்பானின் ஏரிகளில் பெருகி உள்ளூர் மீன்களை நெருக்கியது. மீனியல் ஆய்வாளருமான அகிஹிட்டோ, பேரரசராக இருந்த 2007-ல், அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார்.

வெயில் ஏற, மூச்சு குறையும்
20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் உச்சி வெயிலில் மீன்கள் ஆழமான கசத்துக்கோ, கரையோர மருத மரத்து நிழலுக்கோ, பாறை இடுக்கில் தண்ணீர் சலசலக்கும் இடத்துக்கோ ஒதுங்கும். சிலேபி சூட்டை நன்றாகவே தாங்கும். ஆனாலும் வசதியான இடம் இருந்தால் அங்கேதான் போகும். தூண்டிலை அங்கே போடுங்கள்.

விடியற்காலை எப்போதும் நல்லதல்ல
பாசி படர்ந்து பச்சையாகத் தேங்கிய மடுவில், இரவு முழுக்கப் பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்புதான் மூச்சு மிகவும் குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இரை எடுக்காது. அங்கே வெயில் சற்று ஏறட்டும். தண்ணீர் ஓடும் இடமென்றால் விடியற்காலையே போகலாம்.

மீன் உங்களைப் பார்க்கிறது
தண்ணீருக்கு மேலே உள்ள உலகம் முழுவதும் மீனுக்கு ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கித் தெரியும். அந்தக் காட்சிக் கூம்பின் கோணம் ஏறக்குறைய 97 டிகிரி. கரை விளிம்பில் நிமிர்ந்து நிற்பவர் அதில் நன்றாகவே விழுவார். பின்தள்ளி உட்கார்ந்தவர் விளிம்போடு ஒடுங்கிவிடுவார். காலடி அதிர்வையும் மீன் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் உணரும். கோடையில் தெளிந்து ஆழம் குறைந்த தண்ணீரில் இது இன்னும் முக்கியம்.

குழியைப் பார்த்தால் மீனைப் பார்த்த மாதிரி
கரையோர மணலில் தட்டை வைத்து அழுத்தியதுபோல் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிகின்றனவா? அவை ஆண் சிலேபி வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டியவை. இனப்பெருக்கக் காலத்தில் அது உடம்பெல்லாம் கறுத்து, வேறு மீன் கிட்டே வந்தால் விரட்டும். ப்ளூகில் ஆணும் குழி தோண்டும், ஆனால் வாயால் அல்ல, வாலால் விசிறி. முட்டைக்குக் காவலும் இருக்கும்.

வாய்க்குள் தொட்டில்
சிலேபி முட்டையைக் காப்பது தாய். குழியில் இட்ட முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரித்து நீந்தும்வரை அடைகாக்கும். அந்த நாட்களில் இரையைத் தொடுவது அபூர்வம். குஞ்சுகள் வெளியே வந்த பிறகும், ஆபத்து என்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும்.

தக்கை சொல்லும் சேதி
சிலேபிக்கு வாய் சிறிது. சின்ன முள், அதை மறைக்கும் அளவு மண்புழுத் துண்டு, அல்லது பிசைந்த மாவு உருண்டை போதும். முழுப் புழுவைத் தொங்கவிட்டால் வாலை மட்டும் கடித்துப் போய்விடும். முதலில் தக்கை துள்ளும். அது கொறிப்பு, அப்போது இழுக்காதீர்கள். தக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து நகரும்போது கம்பை மெதுவாகத் தூக்குங்கள்.

சின்ன மீனெல்லாம் குஞ்சல்ல
இரை குறைந்து கூட்டம் நெருங்கிய தண்ணீரில் சிலேபி வளராமல் குட்டையாகவே நின்று, அந்த உருவத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ப்ளூகிலும் அப்படித்தான். எனவே சின்னச் சிலேபியைத் திரும்ப விட்டால் பெரிதாகும் என்று நம்பிவிட வேண்டாம்.

பனை ஏறிய புகழ்
காற்றை நேராகச் சுவாசிக்கும் பனையேறிக் கெண்டை, ஈரம் இருந்தால் தரையிலும் நகர்ந்து அடுத்த தண்ணீருக்குப் போகும். தரங்கம்பாடியில் ஒன்று பனைமரப் பட்டையில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டென்மார்க் அதிகாரி எழுதியதை, 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் வெளியிட்டது. மரமேறியதைப் பின்னால் வந்தவர்கள் சந்தேகித்தார்கள். தரையில் நடப்பதில் சந்தேகமே இல்லை.

தாமிரபரணியின் சொந்தப் பிள்ளை
இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு கெண்டை உண்டு: டாக்கின்சியா தாம்பிரபர்ணியே. 1954-ல் சைலஸ் என்ற ஆய்வாளர் அதை விவரித்தார். ஆண் மீனின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டிருக்கும். அழியும் ஆபத்தில் உள்ள இனம். தூண்டிலில் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, உடனே விட்டுவிடுங்கள். சிலேபிக்கு உலகமெல்லாம் வீடு. இதற்கு இந்த ஆறுதான்.

வெடியும் விஷமும் குற்றம்
தோட்டா வெடித்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. கொசுவலையை இழுப்பதும் அதற்குச் சளைத்த கேடல்ல. அடுத்த ஆண்டு மீனாக வேண்டிய குஞ்சையெல்லாம் அது வாரிவிடும். குளத்தில் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம் போயிருந்தால், எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்.

கசம் ஆழமானது, தண்ணீரும் திடீரென ஏறும்
கார் சாகுபடிக்காக ஜூனில் தாமிரபரணியின் பாபநாசம் அணையைத் திறப்பது வழக்கம். நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று இழுத்துப் போகலாம். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

வாளியில் உயிரோடு வேண்டாம்
அகிஹிட்டோ கொண்டுபோன ப்ளூகில் ஒரு கைப்பிடி மீன்தான். அது ஒரு நாட்டின் ஏரிகளையே மாற்றியது. பிடித்த சிலேபியை மாங்காய் போட்டுக் குழம்பு வையுங்கள், வறுத்துச் சாப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். வேறு குளத்திலோ கிணற்றிலோ உயிரோடு கொண்டுபோய் மட்டும் விடாதீர்கள்.