கண்ணகி நடந்த வழியில் ஒரு தமிழறிஞர்

ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் அந்தக் கோயிலுக்குச் செல்லும் காட்டு வழி பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. சித்திரை முழுநிலவு நாளன்று கேரளத்தின் குமுளியிலிருந்து ஜீப்புகளிலும், தமிழகத்தின் தேனி மாவட்டம் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் பல்லாயிரக்கணக்கானோர் மலையேறுகின்றனர். இருள் கவியும் முன் அனைவரும் இறங்கிவிட வேண்டும். தேனி, இடுக்கி மாவட்ட அதிகாரிகள் முன்னதாகவே கூடிப் பேசி அந்த ஒரு நாளுக்கான ஏற்பாடுகளை முடிவு செய்கின்றனர்.

கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், இரு மாநிலங்களின் எல்லைக் கோட்டில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயில்தான் அது. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும், மேற்கே தேக்கடிக் காடுகளும் அங்கிருந்து தெரிகின்றன. இரு மாநில அரசுகளும் உரிமை கொண்டாடும் இந்தச் சிதைந்த கற்கோயிலே சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தது எந்த அரசுத் துறையும் அன்று. தஞ்சையை அடுத்த கரந்தையைச் சேர்ந்த தமிழறிஞர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், காப்பியத்தையே வழிகாட்டியாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் நடந்து தேடி, 1963-ஆம் ஆண்டில் இந்த இடத்தை அடையாளம் கண்டார்.

ஏட்டிலிருந்து எழுந்த கேள்வி

உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த நாளிலிருந்தே அறிஞர்களிடையே ஒரு வழக்கு நடந்து வந்தது. சேரர் தலைநகரான வஞ்சி எது? கரூரா, கொடுங்கல்லூரா? இதனோடு பிணைந்தது மற்றொரு கேள்வி. மதுரையை எரித்துவிட்டு வெளியேறிய கண்ணகி சென்று நின்ற மலை எது?

காப்பியத்தில் அந்த மலையோடு "செங்கோடு" என்னும் சொல் சேர்ந்து வருவதால், அது கொங்கு நாட்டுத் திருச்செங்கோடே என்று பழைய அரும்பதவுரையாசிரியர் கொண்டார். பின்வந்த அடியார்க்குநல்லார் அதை மறுத்தார். உரையாசிரியர்கள் காலத்திலேயே தொடங்கிய இந்தக் கருத்து வேறுபாட்டுக்கு ஏடுகளுக்குள்ளேயே விடை தேடிக்கொண்டிருந்தனர் மற்றவர்கள். கோவிந்தராசனார் விடையை வழியில் தேடினார்.

இளங்கோவடிகள் தரும் பயணக் குறிப்புகள் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானவை. பூம்புகாரிலிருந்து காவிரிக் கரையோடு மேற்கே நடந்து உறையூரை அடைதல், அங்கிருந்து கொடும்பாளூர்ப் பகுதியில் பாதை மூன்றாகப் பிரிதல், அவற்றுள் ஒன்று அழகர்மலையைத் தொட்டு மதுரைக்குச் செல்லுதல் எனக் காப்பியம் கூறும் பலவற்றை இன்றைய நிலப்படத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. பூம்புகாரிலிருந்து மதுரை வரையிலான குறிப்புகள் உண்மையாக இருக்குமானால், மதுரைக்கு அப்பாலுள்ள குறிப்புகள் மட்டும் ஏன் கற்பனையாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய தேடலின் அடிப்படை.

வைகைக் கரையே வழி

மதுரையின் மேற்கு வாயில் வழியே தனியாக வெளியேறிய கண்ணகி, வைகையின் கரையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். நெடுவேள் குன்றம் என்னும் மலையில் ஏறினாள். பூத்து நின்ற வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள். பதினான்கு நாள்கள் கழிந்தபின் விண்ணுலகு புகுந்தாள் என்கிறது காப்பியம்.

இந்தக் குறிப்புகளைத் திருச்செங்கோட்டோடு பொருத்துவது கடினம். அவ்வூர் மதுரைக்கு வடக்கே தொலைவில் இருக்கிறது. வைகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாறாக, வைகையை எதிர்த்து மேற்கே நடப்பவர் ஆண்டிபட்டி, தேனிப் பகுதிகளை அடைகிறார். அங்கே வைகையோடு கலக்கும் சுருளியாற்றைப் பின்பற்றினால் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே மலையடிவாரத்துக்குச் சென்று சேரலாம். நெடுவேள் என்பது முருகனின் பெயர். சுருளி மலையில் இன்றும் வேலப்பர் வழிபாடு உண்டு. மதுரையிலிருந்து குமுளிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 135 கிலோமீட்டர். பதினான்கு நாளில் நடப்பதென்றால் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. துயரத்தோடு தனியே நடக்கும் ஒரு பெண்ணுக்கு இது இயலாத தொலைவு அன்று.

மலையுச்சியை அடைந்தபோது மேலும் இரண்டு குறிப்புகள் பொருந்தின. சேரன் செங்குட்டுவன் பெரியாற்றங்கரையில் தங்கியிருந்தபோது குன்றவர் வந்து, ஒரு முலை இழந்த பெண்ணைக் கண்டதாகக் கூறினர் என்பது காப்பியச் செய்தி. இந்த மலைக்கு அப்புறம் கிடப்பது பெரியாற்றின் காடுதான். இன்னொன்று, பெயர். வஞ்சிக் காண்டத்தில் மங்கல மடந்தையின் கோட்டமும், அம்மலையின் சுனைகளும் குறிப்பிடப்படுகின்றன. காடு மூடிக் கிடந்த இந்தக் கோயிலை அடிவாரத்து மக்கள் அழைத்து வந்த பெயர் மங்கலதேவி. கோயிலருகே சுனையும் உண்டு.

எல்லாம் முடிந்துவிடவில்லை

இத்தனை பொருத்தங்கள் இருந்தும், எல்லா ஆய்வாளர்களும் இம்முடிவை ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்று காணப்படும் கற்கட்டடம் இடைக்காலப் பாண்டியர் கலைப்பாணியைக் காட்டுகிறது. செங்குட்டுவன் காலத்தது அன்று. கரூருக்கு அருகே புகழூரில் உள்ள சேரர் கல்வெட்டுகளைச் சான்று காட்டி வஞ்சி கரூரே என்போரும் இருக்கின்றனர். மேலும், தேனிக்கருகே வைகையின் முதன்மை ஓட்டம் வருசநாட்டு மலையை நோக்கித் திரும்புகிறது. சுருளியாற்றைத் தேர்ந்தெடுப்பது ஆய்வாளரின் முடிவே என்று வாதிடவும் இடமுண்டு.

ஆனால் இந்த வாதங்கள் அனைத்தும் அகழாய்வாலும், சிதைந்து கிடக்கும் கல்வெட்டுகளை முழுமையாகப் படிப்பதாலும்தான் தீரக்கூடியவை. அதற்கான கதவைக் கோவிந்தராசனார் திறந்து வைத்தார். ஆய்வாளர்கள் நுழைவதற்கு முன் எல்லைத் தகராறு நுழைந்துவிட்டது.

காட்டுக்கும் எல்லைக்கும் நடுவே

அவர் மலையேறிய காலத்தில் இடுக்கி என்றொரு மாவட்டம் இல்லை. அது 1972-இல் உருவானது. தேனியும் அன்று மதுரை மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை தோற்றுப்போன வடு மட்டும் ஆறாதிருந்தது. 1886-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டு 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையும் இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. இத்தகைய நிலத்தில் ஒரு தமிழ்க் காப்பியத் தலைவியின் கோயில் வெளிப்பட்டால் அது வழிபாட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடுமா?

பெரியாறு காட்டுயிர்ச் சரணாலயம் 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் மலைக்குச் செல்லும் வழியை மேலும் இறுக்கின. முன்பு பல நாள்கள் நடந்த விழா ஒரே நாளாகச் சுருங்கிவிட்டது என்பது கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் நெடுநாள் மனக்குறை. பளியன்குடியிலிருந்து சாலை வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. காட்டின் நடுவே சாலை கூடாது என்பது வனத்துறையின் நிலை. யானையும் புலியும் வாழும் காட்டில் அந்த அச்சத்தையும் புறந்தள்ளிவிட முடியாது.

ஆனால் சாலை வழக்கும் எல்லை வழக்கும் முடியும்வரை கற்கள் காத்திருக்கமாட்டா. சுண்ணமின்றி அடுக்கப்பட்ட சுவர்கள் சரிந்திருக்கின்றன. மரவேர்கள் மூட்டுகளைப் பிளக்கின்றன. கோயில் எந்த மாநிலத்துக்கு உரியது என்பது முடிவாகாததால், அதைக் காக்கும் பொறுப்பும் ஒருவருக்கும் உறுதியாகவில்லை.

இரு மாநிலத்துக்கும் பொதுவான தெய்வம்

இதில் வேதனை என்னவென்றால், கண்ணகி தமிழகத்துக்கு மட்டும் உரியவள் அல்லள். கொடுங்கல்லூர்ப் பகவதியைக் கண்ணகியோடு இணைத்துப் பார்ப்பவர்கள் மலையாளிகளிலும் பலர். பாலக்காட்டில் மூத்தாந்தறை, வடக்கந்தறைப் பகுதிகளில் வாழும் வணிக மரபினர் கண்ணகியை வழிபடுகின்றனர். தம் முன்னோர் பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் அவளைக் கண்ணகி அம்மனாகவும் பத்தினி தெய்யோவாகவும் வணங்குகின்றனர். சென்னைக் கடற்கரையில் 1968-இல் நிறுவப்பட்ட அவளுடைய சிலை 2001-இல் அகற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், 2006-இல் அது மீண்டும் நிறுவப்பட்டதும் அரசியல் அறிந்தோர் நினைவில் இருக்கும். சிலைக்காகக் குரல் கொடுத்த அளவுக்கு, மலைமேல் சரியும் கோட்டத்துக்காக நாம் குரல் கொடுத்ததில்லை.

படமாக வேண்டிய பயணம்

அழிந்துபோகவிருந்த திரைப்படங்களைத் தேடித் தேடிச் சேர்த்த பி.கே. நாயரின் வாழ்வைச் சிவேந்திர சிங் துங்கர்பூர் 2012-இல் 'செல்லுலாய்ட் மேன்' என்னும் ஆவணப்படமாக எடுத்தார். அது தேசிய விருதுகளும் பெற்றது. கேரளத்தில் பிறந்த அந்தத் தேடலாளருக்குக் கிடைத்த அத்தகைய பதிவு, கரந்தையில் இருந்து புறப்பட்ட இந்தத் தேடலாளருக்கும் உரியது. பூம்புகார் முதல் மங்கலதேவி வரை அவருடைய வழியை ஊர் ஊராகப் படமாக்கினால், அவருடைய முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் ஒரே சான்றை வைத்துப் பேச முடியும்.

அதற்கும் காலம் நீண்டதன்று. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்த்தேக்கத்துக்குள் பழைய கரையின் ஒரு பகுதி ஏற்கெனவே மூழ்கிவிட்டது. எஞ்சிய வழியில் ஊர்ப்பெயர்களும் வழிபாடுகளும் மாறிவருகின்றன.

எல்லை எங்கே என்பதை நிலஅளவைத் துறையும் நீதிமன்றமும் தீர்மானிக்கட்டும். அதுவரை, இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் நடுவணரசின் தொல்லியல் துறையும் சேர்ந்து கல்வெட்டுகளைப் படியெடுக்கவும், சரிந்த சுவர்களைத் தாங்கி நிறுத்தவும் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. ஒரு நாள் விழாவுக்காக ஆண்டுதோறும் ஒன்றாக அமரும் தேனி, இடுக்கி அதிகாரிகள், அடுத்த சித்திரைக்கு முன் கூடும்போது இதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம்.